மூன்றாம் செவ்வாய்

லெய்டன், நெதர்லாந்து
12 நவம்பர் 2023

அன்புள்ள எமில்டா மைனிக்கு,

இங்கே குளிரைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே நீங்களும், உங்கள் தம்பி ரோச் அத்தானும், அவர் பெண்டாட்டி டெல்பினும், அவர்கள் பிள்ளை கிருபையும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் “நண்டு கம்பெனியில நிக்கேன், பெறவு பேசுதேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். அந்தப் ‘பெறவு’ மூன்று மாதமாக வரக் காணோம். அதனால்தான் தாளும் பேனாவும். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருத்துவது போல இதையும் சிவப்பு மையால் திருத்தி அனுப்பினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

மைனி, என் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். கறுப்பு அங்கி போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். நேரம் முடிந்ததும் ஒருவர் வந்து பெரிய கோலைத் தரையில் தட்டினார். நம் சப்பரத்துக்கு முன்னால் கோல் பிடித்து வருகிறவர் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

மணல்மேட்டு அந்தோணியார் கோயிலில் செவ்வாய்தோறும் கொடிமரத்தடியில் ஆடுகிற பெண்களைப் பற்றித்தான் எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரியும். வருவது ஆவியா நோயா என்று நான் கேட்கவில்லை. அந்த ஆட்டமும் பேச்சும், சுற்றி நிற்கிறவர்கள் நடுவில் என்ன செய்து முடிக்கின்றன என்று கேட்டேன். எங்கள் படிப்பில் அதை நிகழ்த்துதல் என்கிறார்கள்.

அவர்களுக்கு நம் ஊர் வழக்கத்தைப் புரியவைக்கவே பத்துப் பக்கம் ஆனது. சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மச்சான், அதாவது பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும், கீழிருந்து அவன் இழுத்ததும் தூக்கிவிட வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் என்பதால் முத்துக்குளித்த காலம் தொட்டு அப்படி. மூச்சுக்கு இயந்திரமும் குழாயும் வந்த பிறகும் கயிறு மச்சான் கையில்தான். உங்களைக் கட்டிய என் ரெக்சன் அண்ணன் இறங்கி ஏறாமல் போன அன்று கயிறு ரோச் அத்தான் கையில் இருந்ததையும், அதற்குப் பிறகு ஒரு வருடம் யாரும் அவரைப் படகில் ஏற்றாததையும் எழுதினேன்.

பிறகு, நீங்கள் அந்தக் கோயிலுக்கு ஆடப்போன மூன்றாம் செவ்வாய். உங்கள் வாயில் அண்ணன் பேசியது. “ஏலே மச்சான், ஒம்மேல தப்பில்ல. நான் கயித்த இழுக்கவே இல்லலே. கடலுக்குப் போ.” அங்கே நின்ற மரியான் அண்ணாச்சி ரோச் அத்தான் தோளில் கை போட்டு, மறுநாளே தன் படகில் ஏற்றிக்கொண்டதும் அதில் இருக்கிறது. படகுச் சங்கத்தாலும் போலீசாலும் செய்ய முடியாததை ஐந்து நிமிடப் பேச்சு செய்தது என்று அந்த அத்தியாயத்தை முடித்தேன். படித்துவிட்டு என் பேராசிரியை அழுதார்கள்.

பயப்படாதீர்கள், எல்லார் பேரையும் மாற்றிவிட்டேன். அதில் உங்கள் பேர் மேரி.

கிருபைக்கு ஒரு கம்பளித் தொப்பி அனுப்பியிருக்கிறேன். தூத்துக்குடி வெயிலில் எதற்கு என்று கேட்கக் கூடாது, சும்மா போட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

உங்கள் பிரியமுள்ள,
ஜெஸ்லின்


மாதா துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி
17 டிசம்பர் 2023

அன்புள்ள ஜெஸ்லினுக்கு மைனி எழுதுவது.

உன் கடிதமும் தொப்பியும் ஒரே நாளில் வந்தன. கிருபை தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்று தலை முழுக்க வேர்க்குருவோடு திரிகிறாள். உறையின் மேல் டாக்டர் ஜெஸ்லின் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். “ஊசி போடத் தெரியாத டாக்டர என்னன்னு கூப்பிட?” என்கிறாள் டெல்பின். உன் அண்ணன் இருந்திருந்தால் இன்றைக்குத் தெரு முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். கண் நிறைந்துவிட்டது, தாயி.

உனக்கு ஒரு நல்ல சேதி. மரியான் அத்தான் ரோச்சைப் படகில் ஏற்றி இரண்டு வருடம் ஆகப்போகிறது அல்லவா. இயந்திரம் பார்க்க, சோறு பொங்க, சங்கு எண்ண எல்லாவற்றுக்கும் விட்டார். கயிற்றை மட்டும் கொடுத்ததில்லை. எங்கள் சித்தி மகளைக் கட்டியவர் என்பதால் அவருக்கும் ரோச் மச்சான் முறைதான், ஆனாலும் கொடுக்கவில்லை. போன வியாழக்கிழமை கொடுத்துவிட்டார். சாயங்காலம் ரோச் வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். கயிறு உரசிச் சிவந்திருந்தது. நான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டான்.

நீ எழுதியதில் ஒன்று என்னை உறுத்துகிறது. அன்று கோயிலிலிருந்து திரும்பும்போது, வேம்பார் பஸ்ஸுக்காக நிழற்குடையில் நாம் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். “மைனி, உண்மையச் சொல்லுங்க, வந்தது அண்ணன்தானா?” என்று நீ அழுதுகொண்டு கேட்டாய். அண்ணனைப் பறிகொடுத்தவளிடம் மறைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இந்தத் தாளில்கூட எழுதமாட்டேன். கொடிமரத்தடியில் பேசியதை யாரும் பேசினவளிடம் திருப்பிக் கேட்பதில்லை. கோயில் வாசலைத் தாண்டினால் அவள் பழையபடி வீட்டுப் பெண்தான். நீதான் கேட்டாய், அதுவும் தங்கச்சியாகக் கேட்டாய்.

அதை நீ எழுதியிருக்கமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் ஒரு வரி பதில் போடு.

கிறிஸ்துமஸுக்கு உன் பங்கு பலகாரத்தை நானே தின்றுவிடுவேன். சீக்கிரம் ஒரு மாப்பிள்ளையைச் சொல், வெள்ளைக்காரனானாலும் பரவாயில்லை, பூசைக்கு வருகிறவனாக இருந்தால் போதும்.

உன் மைனி,
எமில்டா


லெய்டன்
14 ஜனவரி 2024

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பத்து நாள் எழுதாமல் இருந்தேன். பொய் எழுத வரவில்லை.

எழுதிவிட்டேன், மைனி. “முத ரெண்டு செவ்வாயும் அவிய வந்தாவ, எனக்கு நெனவே இல்ல. மூணாவது செவ்வாய் வரல. ரோச் முன்னால வந்து நின்னுட்டான். வாயத் தொறந்தது நாந்தான்.” இப்படியே நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ரெக்கார்டர் பையில் ஓடிக்கொண்டிருந்தது. கோயிலில் போட்டதை நிறுத்த மறந்திருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டபோது அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை.

நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று நான் எழுதவில்லை. அதற்கு நேர்மாறாகத்தான் எழுதினேன். பீடத்தில் நிற்கும் சாமியார் அப்பத்தை உயர்த்தி “இது என் சரீரம்” என்கிறார். யாருடைய சரீரம்? அவருடையதா? அவர் நடிக்கிறார் என்று நாம் சொல்வதில்லை. அந்த இடத்தில், அந்த உடுப்பில், அத்தனை பேர் முன்னால் சொல்வதால் அந்தச் சொல் நடக்கிறது. நீங்கள் செய்ததும் அப்படித்தான். வந்தாரா வரவில்லையா என்பதைவிட, சொன்னது நடந்ததா என்பதுதான் பெரிது. நடந்தது. ரோச் அத்தான் கையில் கயிறு இருக்கிறது. இதை உலகம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

ஆங்கிலத்தில், நூலக அலமாரியில் இருக்கப்போகிறது, யார் படிக்கப்போகிறார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். இன்னொன்றும் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகைக்கு அந்த அத்தியாயத்தைச் சுருக்கித் தமிழில் கொடுத்திருந்தேன். உங்கள் கடிதம் கிடைக்கும் முன்பே அச்சாகிவிட்டது. ஐந்நூறு பிரதிதான். அதிலும் நீங்கள் மேரிதான்.

அன்று நான் தங்கச்சியாகத்தான் கேட்டேன், மைனி. அண்ணன் ஒருமுறையாவது வந்தாரா என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்கு மேல் என்ன செய்தேன் என்று எனக்கே பிடிபடவில்லை. கோபமாகவாவது எழுதுங்கள்.

ஜெஸ்லின்


திரேஸ்புரம்
20 மார்ச் 2024

ஜெஸ்லினுக்கு,

நீ போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். எடுக்கமாட்டேன். என் குரல் இனி எந்த இயந்திரத்திலும் ஏற வேண்டாம். எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

உன் ஐந்நூறு பிரதியில் ஒன்று சாகுபுரம் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் கையில் கிடைத்திருக்கிறது. அவர் நான்கு பக்கத்தைப் படம் எடுத்துத் தன் நண்பனுக்கு அனுப்பினார், அவன் படகுச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். சாம்பல் புதன் கழிந்த மறு வாரம், ஐஸ் கடை முன்னால் ஒருவன் சத்தம்போட்டு வாசிக்க, ஊர் நின்று கேட்டது.

நீ பேரை மாற்றினாய். உறவை மாற்றவில்லையே, ஏளா. திரேஸ்புரத்தில் சங்குக்கு இறங்கிச் செத்தவன், கயிறு மச்சான் கையில் இருந்தது, அக்காள் அந்தோணியார் கோயிலில் ஆடினாள் என்றால் எத்தனை குடும்பம் இருக்கிறது? மேரி என்று வாசிக்கும்போதே எல்லாரும் எமில்டா என்று கேட்டார்கள். நம் ஊரில் பிறந்த உனக்கு இது தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்ல.

மரியான் அத்தான் நல்ல மனிதர். சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் படகில் வைத்து ரோச் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். “அன்னைக்கு ரெக்சன் சொன்னான்னு குடுத்தேன். அவன் சொல்லலன்னா நான் எப்படிக் குடுக்க?” என்று மட்டும் கேட்டாராம். ரோச் நேராக என்னிடம் வந்தான். நான் கம்பெனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அன்னைக்குப் பேசுனது ரெக்சன் அத்தான் இல்லியா?”

நான் டிபன் பாத்திரத்தை மூடினேன்.

“செரி. அத்தான் இல்லன்னா போகுது. நீ சொல்லு. ஒன் வாயால சொல்லு. எம்மேல தப்பில்லன்னு.”

யாருக்கும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். இதையும் எழுதுவதானால் எழுதிக்கொள். உன் அண்ணன் செத்த நாளுக்கு முந்தின இரவு டெல்பினுக்குப் பேறுகால வலி. ரோச் விடிய விடிய ஆஸ்பத்திரியில் நின்றான். விடியலில் கிருபை பிறந்தாள். நேராகக் கடற்கரைக்குப் போனான். “ஏலே, நீ தூங்கு, இன்னைக்கு வேற ஆள் பிடிக்கட்டும்” என்று உன் அண்ணன் சொல்லியிருக்கிறார்கள். மச்சான் இருக்கையில் வேற ஆளா என்று இவன்தான் பிடிவாதமாக ஏறினான். நடுக்கடலில் கண் அசந்துவிட்டான். “கயிறு ஒரு தடவ ஆடுன மாதிரி இருந்துச்சு அக்கா, கனவுன்னு நெனச்சேன்” என்று அடக்கத்தன்று என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவனை நான் ஒரு வருடம் வெறுத்தேன். என் கூடப்பிறந்தவன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே வெறுத்தேன். மன்னிக்க வேண்டும் என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒவ்வொரு மாதமும் சொன்னேன். அவனிடம் சொல்ல வாய்க்கு வரவில்லை. தாலியைக் கழற்றின கழுத்தை வைத்துக்கொண்டு தப்பில்லை என்று எப்படிச் சொல்வேன்? அதனால்தான் கோயிலுக்குப் போனேன். என் வாயால் முடியாததை அவிய வாயால் சொன்னேன். அங்கே அது ஒருத்தியால் முடியும். வெளியே முடியாது.

நிழற்குடையில் நான் உனக்குக் கடைசியாக இரண்டு வாக்கியம் சொன்னேன். “வாயத் தொறந்தது நாந்தான். பெறவு பேசுனது யாருன்னு எனக்குத் தெரியாது.” நீ ஒன்றைத்தான் எழுதினாய். நான் யோசித்து வைத்திருந்தது ‘ஒம்மேல தப்பில்ல’ என்பது வரைதான். ‘நான் கயித்த இழுக்கவே இல்ல’ என்று நான் யோசிக்கவில்லை. கயிறு ஆடியது என்று தெரிந்த எனக்கு அது எங்கிருந்து வரும்? இரண்டு வருடமாக அதை நினைத்துத்தான் நான் உறங்கினேன்.

ரோச் வாசலில் நின்றுகொண்டே இருந்தான். நான் டிபன் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடத்தான் நினைத்தேன். சேசுவே, எவ்வளவு சின்னப் பேச்சு. வரவில்லை. கம்பெனி வேன் ஹாரன் அடித்தது, போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது அவன் வீட்டில் இல்லை, கடற்கரையில் கவிழ்த்த வள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எமில்டா


லெய்டன்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள மைனிக்கு,

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன், தங்கள் இணையதளத்திலும் போட்டிருந்ததை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன செய்ய, எல்லார் போனிலும் இருக்கிறது.

இரண்டாவது வாக்கியம் ரெக்கார்டரில் தெளிவாக இருக்கிறது. நேற்றும் கேட்டேன். உங்கள் குரல், பிறகு ஒரு லாரி போகும் சத்தம், பிறகு நான் மூக்கை உறிஞ்சுவது. அதை நான் விட்டுவிட்டதற்குக் காரணம் இடமில்லாமல் அல்ல. ஆடுகிற பெண் தெரிந்தேதான் செய்கிறாள், அதனால்தான் அதில் அவளுக்குப் பலம் இருக்கிறது என்பது என் வாதம். யார் பேசினார் என்று தெரியாது என்று நீங்கள் சொன்னது அதற்கு இடைஞ்சலாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். எழுதவே கை கூசுகிறது.

மே மாதம் வருகிறேன். சங்கத்தில் எல்லார் முன்னாலும் நின்று, நான் எழுதியது தப்பு, மைனி அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்கிறேன். மரியான் அண்ணாச்சி காலில் விழுகிறேன். ரோச் அத்தானிடம் பேசுகிறேன். வா என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

உங்கள் மடியில் தலை வைத்துப் படுத்தவள் நான். என்னை மன்னிக்க மாட்டீர்களா?

ஜெஸ்லின்


திரேஸ்புரம்
18 ஜூன் 2024

ஜெஸ்லினுக்கு,

நீ ஏப்ரலில் எழுதியதும், அதற்குப் பிறகு எழுதிய மூன்றும் வந்தன. நான் வா என்று எழுதாததால் நீ வரவில்லை. அது நல்லதுதான். நீ வந்து சங்கத்தில் என்ன சொன்னாலும் அதையும் பத்து பேர் படம் பிடிப்பார்கள்.

ரோச் ஏப்ரல் கடைசியில் மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போன தோணியில் வேலைக்கு ஏறினான். போகிற அன்று காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். “வாரேன் அக்கா” என்றான். சாப்பிட்டுப் போ என்றேன். “இருக்கட்டும்” என்றான். இதுதான் நாங்கள் பேசிக்கொண்டது. தோணி போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி திரும்பியது. அவன் வரவில்லை. தோணியை ஓட்டும் தண்டல் வீடு தேடி வந்து சொன்னார். “மாலத்தீவுல துணி மூட்டையோட எறங்குனாம்மா. நான் ஊருக்கு வரல, அக்காட்டயும் எம் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிருங்கன்னான். கையப் பிடிச்சுக் கூப்பிட்டும் வரல.” டெல்பின் அதற்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறுவதில்லை. கிருபை மட்டும் வருகிறாள். அப்பா எப்போது வருவார் என்று என்னிடம் கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறாள்.

இன்று மணல்மேட்டுக்குப் போய்விட்டு வந்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு. திருவிழா முடிந்த செவ்வாய், கூட்டம் அதிகமில்லை. எனக்காகப் போகவில்லை, ரோச்சுக்காகவும் போகவில்லை. உனக்காகப் போனேன்.

நீ மன்னிப்புக் கேட்டிருந்தாய். என்னிடம் அந்த வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். கூடப்பிறந்தவனுக்கே சொல்லாத வாய் இது. ஆனால் உன் அண்ணன் வந்தால் சொல்வார்கள். தங்கச்சி என்றால் அவியளுக்கு உயிர். அவிய வந்து, ஜெஸ்லின் மேல தப்பில்ல என்று ஒரு தடவை சொல்லட்டும், அதை அப்படியே எழுதி உனக்கு அனுப்பிவிடலாம், நானும் அதைக் கேட்டு ஆறிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பூசை முடிந்து, கொடிமரத்தடியில் முடியை அவிழ்த்துவிட்டு நின்றேன். கொட்டு அடித்தார்கள். என்னை அடையாளம் தெரிந்த இரண்டு மூன்று பெண்கள் போனை என் பக்கம் திருப்பினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெகுநேரம் நின்றேன். கால் சுட்டது.

வரவில்லை. வராவிட்டால் என்ன, அன்றைப்போல நானே திறந்துகொடுப்போம், பிறகு பேசுகிறவர்கள் பேசட்டும் என்று வாயைத் திறந்தேன். “ஜெஸ்லினு” என்றேன். அது என் குரல். என் காதில் அப்படியே விழுந்தது. அடுத்த சொல்லுக்கு முன்னால், இது யார் பேசுகிறது என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு நின்றேன், நிழற்குடையில் நீ கேட்டது போலவே. முன்பு அப்படிக் கேட்கத் தெரியாது எனக்கு. பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. முடியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஆகையால் உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, தாயி. எனக்கு மன்னிக்க இருந்தது அந்த ஒரு இடம்தான். நான் சொல்லியும் நீ எழுதியும் இரண்டு பேருமாக அதை அடைத்துவிட்டோம். உன்மேல் கோபமாக இருக்கிறேனா என்று கேட்டால், இருக்கிறேன். அது போகும் வழி எனக்குத் தெரியவில்லை.

இனி எழுத வேண்டாம். வந்தால் பிரித்துப் படிப்பேன், படித்துவிட்டு அழுவேன், பதில் போடமாட்டேன். ஜனவரியில் அண்ணனுடைய ஆண்டுப் பூசைக்கு வருவதானால் கோயிலுக்கு வா. பெண்கள் பக்கம் முன் வரிசையில் இருப்பேன். நீ பின்னால் உட்கார்ந்துகொள்.

கிருபை வந்து நிற்கிறாள். அவளுக்குச் சோறு போட வேண்டும்.

எமில்டா